சுருட்டுக்கு இடமில்லாத கடை

சாய்ந்தமருதில் கடற்கரைக்குப் போகும் ஒழுங்கை ஒன்றின் முனையில் சீனிமுகம்மதின் தேத்தண்ணிக் கடை இருந்தது. கடையென்றால் தனிக் கட்டடம் இல்லை. அவருடைய மனைவி ஸுல்பிகாவுக்குச் சீதனமாக வந்த வளவில், வீட்டின் முன்பக்கத்தை நீட்டி இறக்கிய ஒரு மண்டபம். நாலு வாங்கு, மூன்று மேசை, ஒரு கண்ணாடிப் பெட்டி, சுடுதண்ணிப் பொயிலர். கடைக்கும் குசினிக்கும் நடுவே ஆளுயரத்துக்குத் தென்னோலைக் கிடுகு மறைப்பு. அதில் ஒரு சின்னத் திறப்பு. இடியப்பத் தட்டும் சம்பல் கோப்பையும் அந்த வழியாக வரும். வளையல் போட்ட ஒரு கை மட்டும் தெரியும். அந்தக் கையைப் பார்த்தே பதினெட்டு வருசமாகச் சாப்பிட்டவர்கள் அந்த ஊரில் இருந்தார்கள்.

கடையின் முன்தூணில் பெருவிரல் பருமனான தும்புக் கயிறு ஒன்று தொங்கும். விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்து வந்ததும் சீனிமுகம்மது அதன் நுனியில் ஒரு தணலை வைத்து ஊதுவார். அது அந்திநேரத்து மஃரிப் வரைக்கும் அணையாமல் கனிந்துகொண்டே இருக்கும். வருகிறவன் நெருப்புப் பெட்டி தேடத் தேவையில்லை. கயிற்றைப் பிடித்து நுனியில் சுருட்டை வைத்து இரண்டு இழுப்பு இழுத்தால் போதும். எண்பத்தோராம் ஆண்டு, மேற்கேயிருந்து கச்சான் காற்று அனலாக வீசிக்கொண்டிருந்த ஒரு நாள் காலையில் சீனிமுகம்மது அந்தக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக் கடலோரத்துக் குப்பையில் போட்டுவிட்டு வந்தார்.

ஏழு மணியளவில் கரைவலைக்காரர்கள் ஒழுங்கையால் ஏறி வந்தார்கள். முதல் பாடு வலை இழுத்து முடித்த கையோடு வந்தவர்கள். சாரனை மடித்துக் கட்டியிருந்தார்கள். முழங்கால் வரைக்கும் மணல், தோளில் வலைக்கயிறு உரசிய சிவந்த தடம். முன்னால் வந்தவர் மீராமுகைதீன். அந்த வலையின் தண்டயல் அவர்தான். எந்த நேரம் தோணியைத் தள்ளுவது, எந்தத் திசையில் வலையை வளைப்பது என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வரவேண்டும். காற்றின் குணம் தெரிந்தவர் என்று பெயர். காதிலே எப்போதும் ஒரு சுருட்டு செருகியிருக்கும்.

அவர் பழக்கத்தில் தூணுக்குக் கையை நீட்டினார். கை வெறும் மரத்தில் பட்டது.

"கயிறு எங்க மச்சான்?"

"அவிழ்த்திட்டன்."

"ஏன், அத்துப் போயிட்டா?"

சீனிமுகம்மது தேத்தண்ணியை ஒரு கோப்பையிலிருந்து மறு கோப்பைக்கு நீளமாக இழுத்து ஆற்றினார். நுரை எழும்பியதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"இனிக் கடைக்குள்ள சுருட்டுப் பத்த ஏலா. பீடியும் ஏலா, சிகரட்டும் ஏலா. வெளிய நிண்டு பத்திட்டு வாங்க. தேத்தண்ணி இரிக்கி, இடியப்பம் இரிக்கி. வந்து இரிங்க."

பகிடி என்று நினைத்து இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவர்களும் நிறுத்திக்கொண்டார்கள்.

"என்னத்துக்கு?" என்று மீராமுகைதீன் கேட்டார்.

"எண்ட கடை. எனக்கு விருப்பமில்ல."

"நேத்து விருப்பம் இருந்திச்சே?"

சீனிமுகம்மது கோப்பையை மேசையில் வைத்தார்.

மீராமுகைதீன் வாங்கில் உட்காரவில்லை. "விடியச்சாமத்திலருந்து உப்புத் தண்ணிக்குள்ள நிண்டுட்டு வாறம் மச்சான். உடம்பெல்லாம் விறைச்சிப் போயிரிக்கி. ஒரு தேத்தண்ணியும் ஒரு சுருட்டும், அதுதான் எங்கட பசியாற்ற. காரணத்தச் செல்லு, கேக்கம். காரணம் இல்லாம வெளிய நில்லு எண்டா, நாங்க என்ன மாடா?"

"காரணம் ஒண்டுமில்ல."

மீராமுகைதீன் காதிலிருந்த சுருட்டை எடுத்துப் பார்த்தார். திரும்பச் செருகினார். பிறகு இறங்கி நடந்தார். அவர் பின்னால் பதினாலு பேரும் போனார்கள். ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆடை பிடித்து ஆறியது.

காரணம் இருந்தது. அதைச் சொல்ல முடியாமல்தான் சீனிமுகம்மது வாயை மூடிக்கொண்டிருந்தார்.

மூன்று நாளைக்கு முன் ஸுல்பிகாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தார். கடந்த மாரியில் தொடங்கிய இழுப்பு அவளுக்கு. முதலில் சளித் தடிமன் என்று கொத்தமல்லி அவித்துக் குடித்தாள். பிறகு மா இடிக்கும்போது நடுவில் நின்று மூச்செடுக்க வேண்டி வந்தது. இப்போது இடியப்ப உரலை அழுத்தினாலே நெஞ்சு விசிலடித்தது. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்தபடியே உறங்கினாள்.

அங்கே மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி கனகசபாபதி அவளுடைய முதுகில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். ஆலையடிவேம்பைச் சேர்ந்தவர். மேசையில் அவருடைய சிகரட் ஒன்று சாம்பல் கிண்ணத்தின் விளிம்பில் எரிந்துகொண்டிருந்தது.

"அம்மா சுருட்டு, பீடி ஏதும் குடிக்கிறவவோ?" என்று சீனிமுகம்மதிடம் கேட்டார்.

"என்ன ஐயா கேக்கிறீங்க? அவ வெத்திலை போடுறதோட சரி."

"நீங்க?"

"நானும் இல்ல. கடையில வாற ஆக்கள் பத்துவாங்க. தேத்தண்ணிக் கடை வெச்சிரிக்கன்."

கூரை எப்படி என்று கேட்டார். முந்திக் கிடுகு; எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி தூக்கி எறிந்த பிறகு தகரம் போட்டது என்றார் சீனிமுகம்மது. புகை போக வழி உண்டா என்று அடுத்துக் கேட்டார். சீனிமுகம்மது யோசித்துப் பார்த்தார். கிடுகுக் கூரையில் புகை ஊறி மேலே போய்விடும். தகரத்தில் முட்டிக் கீழே இறங்கும். மறைப்புக்கு மேலால் போய்க் குசினியிலே தங்கும். மூன்று வருசமாக அது கண்ணுக்கு முன்னால் நடந்திருக்கிறது. அவர் கண்டதில்லை.

"இது சயரோகம் இல்ல. பயப்பட வேண்டாம்," என்றார் கனகசபாபதி. "புகைதான் நெஞ்ச அரிச்சிருக்கு. குளிசை தாறன். ஆனா புகை பட்டா குளிசையில பலன் இல்ல. மத்தவன் குடிக்கிற புகையும் புகைதான். அடுப்புப் புகையையும் சேத்துத்தான் சொல்றன்."

அப்போது ஸுல்பிகாவுக்கு இருமல் வந்தது. குனிந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு இருமினாள். அப்போதிக்கரி கிண்ணத்தில் இருந்த சிகரட்டைப் பார்த்தார். அதை எடுத்துக்கொண்டு எழுந்து போய், யன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஸுல்பிகா மெல்லச் சொன்னாள்:

"இஞ்சாருங்க. எண்ட வருத்தத்தக் கடையில கதைச்சிப் போடாதீங்க."

"புகைக்க வேணாம் எண்டு செல்லத்தானே வேணும்."

"செல்லுங்க. எண்ட பேர எடுக்காம செல்லுங்க. நெஞ்சு வருத்தம் எண்டு ஒரு சொல்லு வெளிய போனா, கல்முனைக்குப் போய்ச் சேருறதுக்குள்ள அது சயமாப் போயிரும். மருதமுனைக்குப் போகக்குள்ள ரத்தம் கக்குறா எண்டு செல்லுவாங்க. ஸம்ஸியாட காரியத்த யோசிங்க."

ஸம்ஸியா அவர்களுடைய ஒரே மகள். மருதமுனையில் தறி வைத்திருக்கும் குடும்பமொன்றில் அவளுக்கு மாப்பிள்ளை பேசி முடிந்திருந்தது. பையன் பெயர் ஷரிபுதீன். சாரன் கட்டுகளைப் பஸ்ஸில் ஏற்றி ஊரூராகக் கொண்டுபோய் விற்பவன். மாரி கழிந்து தை மாதத்தில் கலியாணம். மாப்பிள்ளை பெண்வீட்டில் குடியேறுவது ஊர் வழக்கம்; வருத்தக்காரியின் வீட்டுக்கு வந்து குடியிருக்க எந்த மாப்பிள்ளை சம்மதிப்பான்? அதனால்தான் சீனிமுகம்மது, காரணம் ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டு நின்றார்.

காரணம் சொல்லாவிட்டால் ஊர் சும்மா இருக்குமா? ஆளாளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். கடையைப் பெரிய ஹோட்டலாக்கப் போகிறார், மீன்காரர் வந்தால் மதிப்பில்லை என்று நினைக்கிறார் என்றார்கள். கூரைத் தகரம் கறுத்துப்போகும் என்று பார்க்கிறார் என்றார்கள். மகளுக்கு மருதமுனையில் பெரிய இடத்தில் சம்பந்தம் கிடைத்ததும் தலை வீங்கிவிட்டது என்றும் ஒரு கதை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வரும்போது அப்துல் ஹமீட் பள்ளி வாசலில் அவருடைய கையைப் பிடித்தார். மார்க்க விஷயத்தில் கண்டிப்பானவர்.

"மாஷா அல்லா. ஊருல ஆம்புளையெண்டா நீங்கதான். சுருட்டு வெறும் மக்ரூஹ், விலக்கினா நல்லம் எண்டு செல்றாங்க, நான் செல்றன் ஹராமேதான். நீங்க அல்லாவுக்காகச் செஞ்ச காரியம். நாங்க எல்லாரும் இனி உங்கட கடையிலதான் தேத்தண்ணி."

சீனிமுகம்மது தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் அல்லாவுக்காகச் செய்யவில்லை, பெண்சாதிக்காகச் செய்தேன் என்று சொல்ல வாய் உன்னியது; சலாம் சொல்லிக் கையை விடுவித்துக்கொண்டார். சொன்ன சொல்லுக்கு அப்துல் ஹமீட் இரண்டு நாள் வந்தார். மூன்றாம் நாள் வரவில்லை. அவருக்குச் சீனி வருத்தம், தேத்தண்ணி ஆகாது.

தவறாமல் வந்தவர் அபுல் ஹஸன் மாஸ்டர் ஒருவர்தான். பேப்பரை விரித்து உரக்க வாசித்து, வாசித்ததற்கெல்லாம் அபிப்பிராயம் சொல்லுகிறவர். சிகரட் குடிப்பவர். ஒரு சிகரட்டுக்கு ஒழுங்கைக்கு இறங்கி, திரும்ப ஏறி, பேப்பரில் விட்ட வரியைத் தேடிக் கண்டுபிடிப்பார்.

"சீமையில ரயில் பெட்டியில கூடப் புகைக்கிறவனுக்கு வேற, புகைக்காதவனுக்கு வேற," என்று ஒருநாள் சொன்னார். "ஆனா சீனிமுகம்மது, அங்க சட்டம் போடுறவன் ஏன் எண்டு எழுதி ஒட்டுவான். நீங்க ஏன் எண்டு செல்றல்ல. மனுசனுக்குச் சட்டத்தில கோவம் வாறல்ல. ஏன் எண்டு செல்லாததிலதான் கோவம்."

"ஒவ்வொண்டுக்கும் ஏன் எண்டு செல்ல ஏலுமா மாஸ்டர்?"

"பதினெட்டு வருசம் பத்த நெருப்பும் குடுத்திட்டு, இப்ப செல்லத்தான் வேணும்."

கரைவலைக்காரர் சந்தியில் இருந்த வேறு கடைக்குப் போனார்கள். காலையில் அவித்த இடியப்பம் பத்து மணிக்கும் தட்டிலேயே இருந்தது. சொதி புளித்தது. ஸம்ஸியா மிஞ்சியதை அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். சில நாளில் அவர்களும் போதும் என்றார்கள். ஆடுகள் தின்றன. ஸுல்பிகா அவிக்கும் அளவை மூன்றில் ஒன்றாகக் குறைத்தாள். இழுப்பு கொஞ்சம் குறைந்தது, முழுதாகப் போகவில்லை.

"திரும்பவும் விடுங்க," என்றாள் ஒருநாள். "எனக்கு இது ஒரு பக்கம். ஆக்கள் வராம நீங்க வெறும் வாங்கப் பாத்துக்கொண்டு இரிக்கிறது அதவிட எனக்கு நெஞ்சடைக்கிது."

"பேசாம இரி புள்ள."

ஐப்பசி பிறந்தது. மாரி தொடங்கப் பார்த்த ஒரு காலையில் வானம் கிழக்கே கறுத்து, கடல் சாம்பல் நிறமாகிவிட்டது. கரைவலைக்காரர் வலையைப் பாதியில் அவசரமாக இழுத்து முடித்தார்கள். கொஞ்சம் சூடை மீனும் நிறைய அழுக்கும்தான் வலையின் மடியில் இருந்தது. வலையைத் தோணியில் ஏற்றுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஊசி ஊசியாகக் குத்தும் காற்று மழை. சந்திக் கடைக்குப் போகும் தூரமில்லை. ஓடி வந்து சீனிமுகம்மதின் கடைத் தாழ்வாரத்தில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் உள்ளே காலை வைக்கவில்லை.

சீனிமுகம்மது எழுந்தார். "உள்ள வாங்க. நனையிறீங்க."

ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு வந்தார்கள். சாரனிலிருந்து சொட்டிய தண்ணீரில் தரை சேறாகியது. அவர் பதினைந்து தேத்தண்ணி ஊற்றினார். இஞ்சியைத் தட்டிப் போட்டார். கொஞ்ச நேரம் கோப்பை உறிஞ்சும் சத்தமும் தகரத்தில் மழையின் சத்தமும் மட்டும் இருந்தன. எல்லாருக்கும் அது நன்றாகத்தான் இருந்தது.

மீராமுகைதீன் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தார். நனையாமல் தொப்பிக்குள் வைத்திருந்த சுருட்டை எடுத்தார். பக்கத்திலிருந்தவனிடம் நெருப்புப் பெட்டி வாங்கி, மூன்றாம் குச்சியில் பற்றவைத்தார். கண்ணை மூடி ஒரு இழுப்பு இழுத்தார்.

"மச்சான், அத அணை."

"இந்த மழையிலயா வெளிய போகச் செல்றாய்?"

"அணைச்சிட்டுக் குடி. மழை விட்டாப்போல பத்து."

"சீனிமுகம்மது, நான் வம்புக்கு வரல்ல. குளிருக்குப் பத்துறன். ஒரு சுருட்டு. உனக்கு என்ன நடந்தது? ஆரு உனக்கு ஓதித் தந்தது? நாப்பது வருசச் சினேகிதம் ஒரு சுருட்டுக்கு நிக்கல்லயா? இது ஆர்ட கடை எண்டு நினைக்கிறாய், எங்கட வேர்வையில ஓடின கடை."

"இது எண்ட கடையுமில்ல, உண்ட கடையுமில்ல. எண்ட பொண்டாட்டிட வளவு."

"அப்ப அவ செல்லட்டும். தங்கச்சி வேணாமெண்டு ஒரு சொல்லுச் சென்னா நான் இப்பவே எறியிறன்."

கோபத்தில் வந்த சொல். பதில் வரும் என்று அவரும் நினைக்கவில்லை. கடையிலிருந்த எவரும் நினைக்கவில்லை. அந்த மறைப்புக்குப் பின்னாலிருந்து கடைக்குள் ஒரு பெண் குரல் இதுவரை வந்ததில்லை.

முதலில் இருமல் வந்தது. நீண்ட இருமல். முடிவில் மூச்சு உள்ளே போக வழி தேடும் சத்தம், கிழிந்த துருத்தி இழுப்பது போல. மழைச் சத்தத்துக்கு மேலாக அது கேட்டது. உள்ளே ஸம்ஸியா "உம்மா, தண்ணி குடிங்க," என்றாள். பிறகு ஸுல்பிகாவின் குரல். தண்டயலை அண்ணன் முறை சொல்லி அழைத்தது; சொல்லுக்குச் சொல் நின்று நின்று வந்தது.

"காக்கா, குறை நினைக்காதீங்க. அவருக்கு ஒங்களோட ஒரு கோவமுமில்ல. எனக்கு மூச்செடுக்க ஏலாம இரிக்கி. சுருட்டுப் புகை வந்தா நெஞ்சு பூட்டிக்கிது. ஆரிட்டயும் செல்லாதீங்க எண்டு நான்தான் அவரத் தடுத்தன்."

மீராமுகைதீன் கையிலிருந்த சுருட்டைப் பார்த்தார். எழுந்து தாழ்வாரத்துக்குப் போய் மழைக்குள் எறிந்தார். உள்ளே திரும்பி வராமல் மழையில் இறங்கி நடந்தார். மற்றவர்களும் கோப்பைகளை ஓசைப்படாமல் வைத்துவிட்டு ஒவ்வொருவராகப் போனார்கள். ஒருவன் போகிற போக்கில் தன் தலைத்துவாயை எடுத்து, வாங்கில் தேங்கிய தண்ணீரைத் துடைத்துவிட்டுப் போனான்.

அன்று பகல் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஸம்ஸியா முகத்தைத் திருப்பிக்கொண்டு அரிசி புடைத்தாள்.

"சென்னது பிழையா மகள்?" என்று ஸுல்பிகா கேட்டாள்.

"பிழையில்ல உம்மா."

"மருதமுனைக்குக் கதை போயிரும்."

"போகட்டும். ஒங்கட மூச்ச வித்து எனக்கு மாப்புள வாங்கத் தேவையில்ல." சுளகைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போனாள். அழுதாளோ என்னவோ, திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தது.

மூன்றாம் நாள் வெயில் எறித்தது. மீராமுகைதீன் நாலு ஆட்களோடு வளவின் பின்வாசலில் வந்து நின்றார். தோளில் கமுகங்கம்புகள், கிடுகுக் கட்டு, மண்வெட்டி.

"மச்சான், தங்கச்சிய ஒரு பக்கம் இரிக்கச் செல்லு. குசினியப் பாக்க வேணும்."

சீனிமுகம்மது ஒன்றும் விளங்காமல் வழிவிட்டார். மீராமுகைதீன் குனிந்து குசினிக்குள் போனார். கூரையைப் பார்த்தார். தகரத்தின் உள்பக்கம் தார் பூசியது போலக் கறுத்து மினுங்கியது. சுவரில் விரலை வைத்து இழுத்தார், விரல் கறுப்பானது. மூன்று அடுப்பு, காற்றுக்குக் கடைப் பக்கத்துச் சின்னத் திறப்பு மட்டும், யன்னல் இல்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"எங்கட சுருட்ட வெளிய போட்டாய், சரி. நியாயம். நாங்க குடிச்ச புகை தங்கச்சிட நெஞ்சுக்குள்ள இரிக்கி, அதுக்கு அல்லாட்ட நாங்கதான் பதில் செல்லோணும். ஆனா இந்த அடுப்ப நீ பாக்கல்லயா? இதுக்குள்ள நான் ஒரு நிமிசம் நிண்டன், கண் எரியிது. பதினெட்டு வருசமா அவ இதுக்குள்ள நிண்டு எங்களுக்கு அவிச்சுப் போட்டிரிக்கா."

சீனிமுகம்மது மனைவியைப் பார்த்தார். அவள் கிணற்றடியில் பலகையில் உட்கார்ந்திருந்தாள்.

"அப்போதிக்கரி ஐயா அடுப்பையும் சென்னாருதானே," என்றாள் அவள், நிலத்தைப் பார்த்தபடி.

"நீ ஏன் எனக்கு ஞாபகப்படுத்தல்ல?"

"ஒங்களுக்கும் கேட்டதுதானே. அடுப்ப நிப்பாட்டினாக் கடை எப்பிடி ஓடும் எண்டு நான் பேசாம இருந்தன்."

சீனிமுகம்மது வருகிறவர்களையெல்லாம் வெளியே நிறுத்தி, ஊரோடு பகைத்து, அதையே பெரிய தியாகமாக நெஞ்சுக்குள் வைத்திருந்தார். தன் பங்குப் புகை தன் கண்ணில் படவில்லை. தோளிலிருந்த துவாயால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சாரனை மடித்துக் கட்டி மண்வெட்டியை எடுத்தார்.

அடுப்படியை எங்கே போடுவது என்று மீராமுகைதீன் தீர்மானித்தார். வளவு முழுதும் நடந்து, ஒரு பிடி உலர்ந்த மணலை எடுத்து உயரத்திலிருந்து விட்டுப் பார்த்தார்.

"மாரியில வாடை வடக்கால அடிக்கும். அந்தப் பக்கம் முழுக்க அடைக்கோணும். கச்சானுக்கு அஞ்சு மாசம், அது மேக்கால வரும். மேக்கே அரைச் சுவர் போதும். அப்ப புகை கிழக்கால வேலிக்கு மேலால கடலுக்குப் போயிரும். தங்கச்சி இதில கிழக்க பாத்து இருந்து அவிச்சா முகத்தில ஒரு சொட்டுப் புகை படா. காத்துக்கு நான் பொறுப்பு."

குழி வெட்டிக் கம்பு நட்டுக்கொண்டிருக்கும்போதுதான் ஒழுங்கையில் ஒரு கார் வந்து நின்றது. மருதமுனையிலிருந்து மாப்பிள்ளையின் தாய் றுகையா வந்திருந்தாள். கூட அவளுடைய தங்கை.

சீனிமுகம்மது மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, மடித்துக் கட்டிய சாரனை இறக்கிவிட்டார். ஸம்ஸியா அறைக்குள் போய்விட்டாள். ஸுல்பிகா எழுந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, வந்தவர்களை உள்ளே கூட்டிப்போய்ப் பாயில் இருத்தினாள். வெத்திலைத் தட்டத்தை வைத்தாள். றுகையா வெத்திலையை எடுத்து நரம்பைக் கிள்ளினாள். மடிக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தாள்.

"ஒரு கதை கேள்விப்பட்டு வந்தம்," என்றாள்.

"எல்லாம் உண்மைதான் மதினி," என்றாள் ஸுல்பிகா. மறைப்பதில்லை என்று அந்தக் கணத்தில் முடிவெடுத்துவிட்டாள். "எனக்கு இழுப்பு. ஆஸ்பத்திரித் துண்டு இரிக்கி, காட்டுறன். சயம் இல்ல. ஒங்களுக்கு மனசில்லாட்டி நாங்க குறை செல்ல மாட்டம்."

றுகையா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "இழுப்பா? அது எங்களுக்குத் தெரியாதே."

"அப்ப என்ன கதை கேள்விப்பட்டீங்க?"

றுகையா தங்கையைப் பார்த்தாள். தங்கை வேறெங்கோ பார்த்தாள்.

"அண்ணன் கடையில சுருட்டு, சிகரட் ஒண்டும் எடுக்கப்படா எண்டு போட்டிரிக்காராம். பத்துற ஆளுகள வாசப்படி மிதிக்க விடுறல்லயாம். சினேகிதக்காரனையே வெரட்டிட்டாராம். ஜும்ஆப் பள்ளியில அவரப் பத்திக் கதைச்சாங்களாம். இத எல்லாம் கேட்டு ஒரு மாசமா எனக்கு நித்திரையில்ல." வெத்திலையைத் திரும்பத் தட்டத்தில் வைத்தாள். "என்ட மகன் சிகரட் குடிக்கிறான் மதினி. தொழில்ல பஸ்ஸுப் பஸ்ஸா அலையிறவன், பழகிட்டான். பேசி முடிக்கக்குள்ள நாங்க அதச் செல்லல்ல. பொறகு தெரிஞ்சி நீங்க கலியாணத்த நிப்பாட்டினா எங்களுக்கு வெக்கக்கேடு. அதான் நானே வந்து செல்லிருவம் எண்டு வந்தன்."

ஸுல்பிகாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு இருமலும் வந்தது. றுகையா எழும்பிவந்து அவளுடைய முதுகைத் தடவினாள்.

"என்ட மாமியும் இப்பிடித்தான்," என்றாள் தடவிக்கொண்டே. "தறிக் கொட்டிலுக்குள்ளயே கிடந்து பஞ்சுத் தூசி. வெளிய தெரிஞ்சா வெக்கம் எண்டு அறைக்குள்ள வெச்சிருந்தம். மௌத்தாகி மண்ணுக்குப் போற வரைக்கும் மனிசி வெளிக் காத்துக் காணல்ல. அத நினைச்சா எனக்கு இண்டைக்கும் மனசு கேக்கா."

இருமல் அடங்க நேரமெடுத்தது. கொல்லையில் கம்பு அடிக்கும் சத்தம் கேட்டது.

"மருமகன் இந்த ஊட்டுக்குத்தானே வரப்போறார்," என்றாள் ஸுல்பிகா கடைசியில். அதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. வருகிற மாப்பிள்ளைக்குச் சட்டம் போடும் வழக்கம் அந்த ஊரில் இல்லை.

அறைக்குள்ளிருந்து ஸம்ஸியா சொன்னாள். மெல்லத்தான் சொன்னாள். ஆனால் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"மாமி, அவருக்கு நான் குடிக்கவேணாம் எண்டு செல்லல்ல எண்டு செல்லுங்க. உம்மா இரிக்கிற இடத்தில குடிக்க ஏலா. அதுக்குச் சம்மதமெண்டா வரட்டும்."

றுகையா வெத்திலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவினாள்.

"நான் செல்லுறன் மகள்," என்றாள். "நான் சென்னா அவன் கேக்க மாட்டான். நீ சென்னாய் எண்டு செல்லுறன்."

தை மாதம் கலியாணம் நடந்தது. பந்தலில் சபைக்கு நீட்டிய தட்டங்களில் வெத்திலை பாக்கு மட்டும் இருந்தது. வழக்கம்போலச் சிகரட் வைக்கவில்லையா என்று மாப்பிள்ளை வீட்டார் சிலர் முணுமுணுத்தார்கள். இது என்ன புதுச் சட்டம் என்று கேட்ட ஒருவருக்கு அபுல் ஹஸன் மாஸ்டர் கால் மணி நேரம் விளக்கம் சொன்னார்.

ஸுல்பிகாவின் இழுப்பு முழுதாக மாறவில்லை. வாடைக் காலத்தில் சுவரில் சாய்ந்துதான் உறங்கினாள். ஆனால் புது அடுப்படியில் கிழக்கே பார்த்து உட்கார்ந்து, நிற்காமல் ஒரு தட்டு இடியப்பம் பிழிந்து முடிக்க அவளால் முடிந்தது. கரைவலைக்காரர் திரும்ப வந்தார்கள். எல்லாரும் இல்லை, மூன்று பேர் சந்திக் கடையோடு தங்கிவிட்டார்கள். தேத்தண்ணியும் சுருட்டும் பிரிந்தால் இரண்டுக்கும் ருசியில்லை என்பது அவர்களுடைய கட்சி. அதை யாரும் பிழை சொல்லவில்லை.

கலியாணம் முடிந்து நாலாம் நாள் காலை பசியாறியதும் புது மாப்பிள்ளை ஷரிபுதீன் எழுந்து, இங்குமங்கும் பார்த்து, ஒழுங்கையால் கடற்கரைக்கு இறங்கினான். புதுச் சாரன், புதுச் சேட்டு, மேலெல்லாம் அத்தர் வாசம். கரையேற்றியிருந்த தோணியின் மறைவில் போய் நின்று சட்டைப் பையைத் தடவினான். அங்கே ஏற்கனவே ஒரு ஆள் தோணியில் முதுகைச் சாய்த்து மணலில் உட்கார்ந்திருந்தார். தண்டயல் மீராமுகைதீன்.

மாப்பிள்ளை திடுக்கிட்டுக் கையைப் பையிலிருந்து எடுத்தான்.

மீராமுகைதீன் அவனை மேலும் கீழும் பார்த்தார். கொஞ்சம் நகர்ந்து, நிழலில் இடம் விட்டார்.

"இரி மருமகன்," என்றார். "காத்து அங்கால போகுது. ஊட்டுப் பக்கம் போகா."